பார்வை நரம்பில் கட்டி: குழந்தையின் கண்பார்வை போகுமா என்பதை எம்.ஆர்.ஐ முன்கூட்டியே சொல்லுமா?

மூன்று வயதுக் குழந்தைக்கு ஸ்கேன் எடுத்தாச்சு. பார்வை நரம்பில் கட்டி இருக்கிறது என்று ரிப்போர்ட்டும் வந்தாச்சு. அடுத்து பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "கண்ணு போயிடுமா, டாக்டர்?"

எம்.ஆர்.ஐ படத்தை மட்டும் வைத்து இந்தக் கேள்விக்கு எந்த மருத்துவராலும் அடித்துப் பதில் சொல்ல முடியாது. இன்றைய நிலை இதுதான். அந்தப் பதிலைக் கணினி மூலம் படத்துக்குள்ளிருந்தே எடுக்க முடியுமா என்று அமெரிக்காவில் சில குழுக்கள் பல ஆண்டுகளாக முயன்று வருகின்றன. 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, 86 சதவீதம் சரியாகக் கணித்ததாகச் சொன்னது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 86-க்குள் என்ன இருக்கிறது? ராமநாதபுரம் மாவட்டத்தில் உத்தரகோசமங்கை மாதிரி ஓர் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு அதனால் என்ன பயன்?

இது என்ன கட்டி?

கண்ணில் விழும் காட்சியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புப் பாதை முழுவதையும் ஒரு வயர் இணைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளைக்கு அடியில் ஓரிடத்தில் குறுக்காகச் சந்தித்து, பிறகு பின்னோக்கிப் பிரிந்து போகின்றன. இந்தப் பாதையில் எங்கு வேண்டுமானாலும் வரக்கூடிய, மெதுவாக வளரும் கட்டிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஆப்டிக் பாத்வே கிளையோமா. பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்குத்தான் வருகிறது. உயிரைப் பறிப்பது அரிது. பார்வையைப் பறிப்பதுதான் இதன் ஆபத்து.

இதற்கும் என்.எஃப்.1 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்ற மரபணுக் கோளாறுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. சுமார் 3,000 பிறப்புகளில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருக்கும். அப்படிப்பட்ட குழந்தைகளில் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு பார்வை நரம்புப் பாதையில் கட்டி காணப்படுகிறது. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலும் வரலாம். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மரபணு மாற்றம் புதிதாகவே ஏற்படுகிறது. அதனால் "எங்க பரம்பரையிலேயே இது கிடையாதே" என்பது ஒரு பதில் ஆகாது. தாய் சாப்பிட்டது, கிரகணத்தில் வெளியே வந்தது என்று யாரையும் குற்றம் சொல்வதற்கும் இதில் இடமில்லை.

வீட்டில் கண்ணில் படும் முதல் அடையாளம் தோலில்தான் இருக்கும். பால் கலந்த காபி நிறத்தில் தட்டையான திட்டுகள். ஒன்றிரண்டு இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, நிறையப் பேருக்கு இருக்கும். பருவம் அடையாத குழந்தைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான திட்டுகள் ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'மச்சம் நிறைய இருந்தால் அதிர்ஷ்டம்' என்று விட்டுவிடுகிற வீடுகள் இங்கே நிறைய.

கட்டி தெரிகிறதே, பிறகென்ன குழப்பம்?

குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மற்ற பல கட்டிகளில் கணக்கு எளிது: பெரிதானால் ஆபத்து, சுருங்கினால் நிம்மதி. இந்தக் கட்டி அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. படத்தில் பெரிதாகத் தெரியும், குழந்தை சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு குழந்தைக்கு கட்டி அப்படியே இருக்கும், பார்வை மட்டும் குறைந்துகொண்டே போகும். எந்த சிகிச்சையும் இல்லாமல் தானாகச் சுருங்கிய கட்டிகளும் உண்டு.

இதற்கு எண்களோடு ஆதாரம் இருக்கிறது. என்.எஃப்.1 காரணமாக வந்த இந்தக் கட்டிக்கு கீமோதெரபி எடுத்த 115 குழந்தைகளின் பதிவுகளைப் பல மருத்துவமனைகளிலிருந்து திரட்டி 2012-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பார்வை அளவு பதிவாகியிருந்த 88 குழந்தைகளில் 32 சதவீதம் பேருக்குப் பார்வை முன்னேறியது, 40 சதவீதம் பேருக்கு அப்படியே இருந்தது, 28 சதவீதம் பேருக்குக் குறைந்தது. முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஸ்கேனில் கட்டிக்கு என்ன ஆனது என்பதும், குழந்தையின் பார்வைக்கு என்ன ஆனது என்பதும் சரியாகப் பொருந்தவே இல்லை. கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் ஓரளவு துப்புக் கொடுத்தது. நரம்புகள் சந்தித்துப் பிரிந்த பிறகு உள்ள பின்பகுதியைத் தொட்டிருந்தால் பார்வைக்கு ஆபத்து கூடுதல்.

இதனால் மருத்துவர் முன் இருப்பவை இரண்டே வழிகள், இரண்டிலுமே இழப்பு உண்டு. காத்திருந்தால், போன பார்வை பல நேரங்களில் திரும்பாது. உடனே சிகிச்சை என்றால், கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின் என்ற மருந்துகளை ஒரு வருடத்துக்கும் மேலாக ஏற்ற வேண்டியிருக்கும். எந்தத் தொல்லையும் தராமல் சும்மா கிடந்திருக்கக்கூடிய கட்டிக்காக அந்தக் குழந்தை இத்தனையும் பட்டிருக்கலாம். கதிர்வீச்சு சிகிச்சையை என்.எஃப்.1 குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். மூளை ரத்தக் குழாய்கள் சுருங்குவது, பின்னாளில் வேறொரு புற்றுநோய் வருவது என்ற இரண்டு பயமும் அதில் உண்டு. வெட்டி எடுத்துச் சோதிப்பதும் வழக்கமில்லை, ஏனென்றால் வெட்ட வேண்டியது பார்வை நரம்பையே.

ஆகவே 'யாருக்கு வளரும், யாருக்கு வளராது' என்பதை முன்னாடியே தெரிந்துகொள்வது இங்கே ஆடம்பரம் இல்லை. சிகிச்சையே அதில்தான் நிற்கிறது.

86 சதவீதம் என்றால் என்ன?

நியூரோ-ஆன்காலஜி அட்வான்சஸ் இதழில் 2020-ல் வந்த அந்த ஆய்வை ஜாரெட் பிசாபியாவும் அமெரிக்காவின் பிலடெல்பியா ஆய்வாளர்களும் செய்தார்கள். 2009 முதல் 2015 வரை ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தவர்களின் பழைய எம்.ஆர்.ஐ படங்களை எடுத்தார்கள். கட்டி வளர்ந்த அல்லது பார்வை குறைந்த 19 பேர் ஒரு பக்கம். அப்படி எதுவும் ஆகாத 19 பேர் இன்னொரு பக்கம். மொத்தம் 83 ஸ்கேன்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பார்வைப் பாதையின் தடிமன், வடிவம், சிக்னல் என்று கணினி பிரித்தெடுத்த அம்சங்கள் மொத்தம் 532. இவற்றை வைத்து, எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும்படி கணினிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். விடை: 86 சதவீதம் சரி.

எந்த அம்சம் அதிகம் கைகொடுத்தது என்பதுதான் இதில் சுவாரசியம். கட்டியின் அளவைவிட, மூளையின் பின்பக்கம் வரை போகும் நரம்பு இழைகளில் தண்ணீர் எப்படி நகர்கிறது என்பது முன்வரிசையில் இருந்தது. பனை நாரைக் கற்றையாகக் கட்டித் தண்ணீரில் நனைத்தால், நீர் நாரின் நீளவாக்கில் ஓடும், குறுக்கே அவ்வளவாகப் போகாது. நார் சிதைந்து போயிருந்தால் நாலா பக்கமும் கசியும். நரம்பு இழைகளும் அப்படியே. தண்ணீர் ஒழுங்காக ஒரே திசையில் போகிறதா, சிதறுகிறதா என்பதை டிஃப்யூஷன் டென்சர் என்ற தனி வகை எம்.ஆர்.ஐ அளக்கும். கண்ணால் படத்தைப் பார்த்தால் எதுவுமே தெரியாத இடத்தில், இழைகள் குலைய ஆரம்பித்திருப்பதை எண்ணாக அது சொல்லிவிடுகிறது.

சரி, இனி அந்த எண்ணை உரசிப் பார்க்கலாம். கட்டி வளரப்போகும் குழந்தைகளை இந்த முறை 89 சதவீதம் பிடித்தது. வளராதவர்களை 81 சதவீதம் சரியாக விட்டது. ஆனால் ஆய்வில் இரண்டு பக்கமும் சமமாக 19, 19 என்று எடுத்திருந்தார்கள். மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் அப்படிச் சரிபாதியாக வரமாட்டார்கள்.

ஒரு கணக்குக்காக, இந்தக் கட்டி உள்ள 100 குழந்தைகளில் 15 பேருக்குத்தான் நிலைமை மோசமாகப் போகிறது என்று வைப்போம். அந்த 15 பேரில் 13 பேரைக் கணினி பிடித்துவிடும், 2 பேரைத் தவறவிடும். மீதி 85 பேரில் 16 பேருக்கும் சேர்த்து 'ஆபத்து' என்று மணி அடிக்கும். ஆக மொத்தம் 29 பேருக்கு எச்சரிக்கை, அதில் பாதிக்கும் மேல் பொய். கணினி சொன்னதை நம்பி அத்தனை பேருக்கும் கீமோ ஆரம்பித்தால் 16 குழந்தைகளுக்குத் தேவையில்லாத மருந்து. '15' என்பதை '30' என்று மாற்றினால் நிலைமை மேம்படும்: 40 எச்சரிக்கைகளில் 27 உண்மை, 13 பொய். ஒரே கருவி, ஒரே திறமை. யாரைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அதன் பதிலின் மதிப்பு மாறிவிடுகிறது. 'ஏ.ஐ 86% துல்லியம்' என்று வரும் தலைப்புகளில் காணாமல் போவது இந்தக் கணக்குதான்.

வேலை வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. எச்சரிக்கை வந்த குழந்தையை வருடத்துக்கு ஒரு முறைக்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூப்பிட்டுக் கண்ணைச் சோதிக்கலாம். அந்த அளவுக்கு இது தாராளமாகப் பயன்படக்கூடியது. மருந்து ஏற்றுவதற்கான சான்றாக மட்டும் இப்போதைக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

'கணிக்கிறது' என்ற சொல்லில் ஒரு சிக்கல்

இதற்கு முன்பே, 2016-ல் நியூராலஜி இதழில் ராபர்ட் ஏவரி குழுவினரின் ஆய்வு வந்தது. 38 குழந்தைகள், 55 கண்கள். பார்வைப் பாதை முழுவதன் கனஅளவையும் எம்.ஆர்.ஐ படத்திலிருந்து அளந்தார்கள். அதே சமயத்தில் ஓ.சி.டி என்ற கண் ஸ்கேன் மூலம் விழித்திரை நரம்பு அடுக்கின் தடிமனையும் அளந்தார்கள். ஆரோக்கியமான கண்ணில் இந்த அடுக்கு சுமார் 100 மைக்ரான் இருக்கும். கனஅளவு 1 மில்லிலிட்டர் கூடக் கூட, அந்த அடுக்கு ஏறக்குறைய 5 மைக்ரான் மெலிந்திருந்தது.

நீளம், அகலம் என்று ஒரு கோடு வைத்து அளப்பதைவிட முழுக் கனஅளவை எடுப்பது நல்லது என்பதற்கு இது வலுவான ஆதாரம். கையால் அளந்தால் மணிக்கணக்கில் ஆகும் என்பதால், இந்தப் பாதையைப் படத்தில் தானாகவே வரைந்தெடுக்கும் மென்பொருளை வாஷிங்டனில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள்.

ஆனால் ஆய்வின் தலைப்பில் 'கணிக்கிறது' என்று இருந்தாலும், இரண்டு அளவுகளும் இரண்டு வாரத்துக்குள் எடுக்கப்பட்டவை. இன்றைய கட்டிக்கும் இன்றைய நரம்புக்கும் உள்ள தொடர்பைத்தான் அது காட்டியது. அடுத்த வருடம் என்ன ஆகும் என்று அது சொல்லவில்லை. புள்ளியியலில் 'கணிப்பு' என்ற சொல்லுக்கு ஒரு பொருள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அந்தச் சொல்லின் பொருளே வேறு.

ஏன் இவ்வளவு சின்ன ஆய்வுகள்?

ஒப்பிட்டுப் பார்க்க நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. சர்க்கரை நோயால் வரும் விழித்திரை பாதிப்பைக் கண்டுபிடிக்க கூகுள் உருவாக்கிய ஏ.ஐ பற்றிய ஆய்வு 2016-ல் வந்தது. அதற்குப் பயிற்சி கொடுத்த படங்கள் 1,28,175. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அதில் பங்கெடுத்தன. அந்தப் பக்கம் ஒரு லட்சத்தைத் தாண்டிய படங்கள், இந்தப் பக்கம் 83 ஸ்கேன்கள்.

காரணம் நோயின் அரிது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 9 லட்சம் பிறப்பு என்று வைத்தால், 3,000-ல் ஒன்று கணக்கில் சுமார் 300 குழந்தைகளுக்கு என்.எஃப்.1 இருக்கலாம். அவர்களில் 45 முதல் 60 பேருக்குப் பார்வைப் பாதையில் கட்டி. அதுவும் பல மாவட்டங்களில், பல மருத்துவமனைகளில் சிதறிக் கிடக்கும். எந்த ஒரு மருத்துவமனையாலும் தனியாக ஏ.ஐ-க்குப் பாடம் நடத்த முடியாது.

இதற்கு இப்போது முயலும் வழி ஒன்று உண்டு. நோயாளிகளின் படங்களை ஓரிடத்தில் கொண்டுவந்து குவிக்காமல், மென்பொருளே ஒவ்வொரு மருத்துவமனைக்கும் போய்ப் படித்துவிட்டு, கற்றதை மட்டும் எடுத்துக்கொண்டு வரும். படமும் பெயரும் அந்தந்த மருத்துவமனையின் கணினியிலேயே இருக்கும். அரிய நோய்களுக்கு இதைவிட நல்ல யோசனை இப்போதைக்கு இல்லை. ஆனால் இதில் இந்திய மருத்துவமனைகள் சேராவிட்டால், உருவாகிற கருவி இங்குள்ள மெஷின்களுக்கும் இங்குள்ள குழந்தைகளுக்கும் சரியாக வேலை செய்யும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஒரு ஊர் மெஷினில் பயின்ற ஏ.ஐ வேறு ஊர் மெஷினின் படத்தில் தடுமாறுவது சகஜமாக நடப்பதுதான்.

உத்தரகோசமங்கையிலிருந்து பார்த்தால்?

மரகத நடராஜருக்கும் ஆருத்ரா தரிசனத்துக்கும் பேர்போன இந்த ஊர் ராமநாதபுரத்திலிருந்து சுமார் 18 கி.மீ. மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மதுரை எய்ம்ஸின் முதல் எம்.பி.பி.எஸ் மாணவர்களுக்கும் அதே ஆண்டு வகுப்பு தொடங்கியது இங்கேதான், தற்காலிக ஏற்பாடாக. ஆக, 'எங்க மாவட்டத்தில் ஒண்ணுமே இல்லை' என்ற பழைய பேச்சு இப்போது முழுக்கப் பொருந்தாது. ஆனால் குழந்தைகளுக்கான நரம்பியல்-கண் நிபுணர், குழந்தைகள் புற்றுநோய் மருத்துவர், மயக்க மருந்து கொடுத்து எம்.ஆர்.ஐ எடுக்கும் வசதி எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேண்டும் என்றால் மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கும்.

மயக்க மருந்து என்பது சின்ன விஷயம் இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் அந்தக் குழாய்க்குள், அவ்வளவு சத்தத்தில், அசையாமல் படுக்க நாலு வயசுக் குழந்தையால் முடியாது. அதனால்தான், எந்த அறிகுறியும் இல்லாத என்.எஃப்.1 குழந்தைகளுக்கெல்லாம் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று எம்.ஆர்.ஐ எடுப்பதைப் பல நிபுணர் குழுக்கள் பரிந்துரைப்பதில்லை. எடுத்தால் கட்டி தெரியலாம், ஆனால் தெரிந்து என்ன செய்வது என்பதற்குத்தான் மேலே சொன்ன அத்தனை குழப்பமும். போதாக்குறைக்கு, என்.எஃப்.1 குழந்தைகளின் மூளைப் படத்தில் கட்டியே அல்லாத வெள்ளைப் புள்ளிகளும் அடிக்கடி தெரியும். அனுபவம் இல்லாதவர் ரிப்போர்ட் எழுதினால் குடும்பம் தூக்கத்தைத் தொலைத்துவிடும்.

அவர்கள் சொல்வது வருடாந்திரக் கண் பரிசோதனை. குறைந்தது எட்டு வயது வரை வருடம் தவறாமல், அதன் பிறகு இடைவெளி விட்டு. எழுத்துத் தெரியாத குழந்தையைச் சோதிக்க முடியாது என்பது தவறான எண்ணம். கோடு போட்ட அட்டைகளைக் காட்டி, குழந்தை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தே கைக்குழந்தையின் பார்வையை அளந்துவிடலாம். இந்தச் சோதனையில் ஏதாவது குறை தெரிந்தால் அப்புறம் எம்.ஆர்.ஐ.

ஊரிலேயே கிடைக்கும் முதல் கதவு, 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே என்ற மத்திய அரசின் சிறார் மருத்துவப் பரிசோதனைத் திட்டம். அதன் குழு அங்கன்வாடிக்கு வருடம் இருமுறை, அரசுப் பள்ளிக்கு ஒருமுறை வர வேண்டும். அன்றைக்குத் தோலில் உள்ள திட்டுகளைப் பெற்றோரே எடுத்துக்காட்டலாம். புதிதாக வரும் மாறுகண், ஒரு கண் மட்டும் பிதுங்குவது, கண் தானாக ஆடுவது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, வயசுக்கு முன்பே பருவ மாற்றம் தெரிவது (பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன், ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்) ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னது கண்ணுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும். ஆனால் பார்வை நரம்புகள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயேதான் ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் பகுதியும் இருக்கிறது.

கட்டி ஏற்கெனவே உறுதியான குடும்பங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில. கட்டி பாதையின் முன்பகுதியில் இருக்கிறதா, பின்பகுதியில் இருக்கிறதா? கனஅளவு அளக்கப்பட்டதா, இல்லை ஒரு கோட்டு அளவு மட்டும்தானா? ஓ.சி.டி எடுக்க முடியுமா? 'கட்டி கொஞ்சம் பெரிசாயிருக்கு' என்று சொன்னால், பார்வை அளவு மாறியிருக்கிறதா என்பதுதான் உடனே கேட்க வேண்டிய அடுத்த கேள்வி. சிகிச்சை என்று முடிவானால், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள் அதில் எந்தெந்தச் செலவு அடங்கும் என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு உதவி மையத்தில் முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் பெரிய கறுப்பு ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. அதிலிருந்து கனஅளவைக் கணக்கிட முடியாது, எந்த மென்பொருளுக்கும் கொடுக்க முடியாது. முழுப் படங்களும் உள்ள சிடி அல்லது பென்டிரைவ் கேட்டு வாங்க வேண்டும். ராமநாதபுரத்தில் ஒரு ஃபைல், மதுரையில் ஒரு ஃபைல், சென்னையில் இன்னொரு புது ஃபைல் என்று அலையும் குடும்பத்தின் கையில் முதல் ஸ்கேனின் சிடியும், ஒவ்வொரு கண் பரிசோதனையின் அளவு எழுதிய சீட்டும் தேதியோடு இருந்தால், பார்வை எப்போது இறங்க ஆரம்பித்தது என்பதை அடுத்த மருத்துவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.